எஸ்டெரோ நாட்குறிப்பு: பூமிக்குள்ளே குடியிருந்தவர்கள்

பிப்ரவரி 8, 2025

தென்மேற்கு புளோரிடாவில் வேலை கிடைத்து வந்ததிலிருந்து தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்த கொரேஷன் பூங்காவுக்கு ஒருவழியாக இன்று மகளோடு போனேன். 1894ல் சைரஸ் டீட் என்ற மருத்துவர் தன் சிகாகோ சீடர்களை அழைத்துவந்து, எஸ்டெரோ ஆற்றங்கரையில் இந்த ஊரைத் தொடங்கினார். நிலம் கொடுத்தவர் ஒரு ஜெர்மானியக் குடியேறி. டீட் தனக்குச் சூட்டிக்கொண்ட பெயர் கொரேஷ். ஒரு கோடிப் பேர் வாழப்போகும் புதிய எருசலேம் என்று திட்டம். வந்தவர்கள் இருநூறு சொச்சம்.

பூமி உள்ளீடற்ற கோளமாம், நாம் அதன் உள்சுவரில் குடியிருக்கிறோமாம். கலைக்கூடத்தில் அதற்கான மாதிரி உருண்டை இருக்கிறது.

"அப்போ சூரியன் எங்கப்பா இருந்துச்சாம்?"

"நடுவுலதான்."

அவள் அதோடு விட்டுவிட்டாள். எனக்குத்தான் விட மனமில்லை. நான் சர்வேயர்.

பிப்ரவரி 11

இவர்கள் நம்பியதோடு நிற்கவில்லை, அளந்தார்கள். 1897ல் நேப்பிள்ஸ் கடற்கரையில், யுலிசிஸ் மாரோ என்பவர் தலைமையில். கருவியின் பெயர் ரெக்டிலினியேட்டர்: 12 அடி நீள மரச்சட்டங்கள், இருபுறமும் டி வடிவ முனை. ஒன்றோடு ஒன்றைப் பொருத்தி, பின்னாலிருப்பதைக் கழற்றி முன்னால் வைத்து, நேர்கோட்டை நீட்டிக்கொண்டே போக வேண்டும். பூமி வெளிப்புறமாக வளைந்திருந்தால் கோடு தண்ணீரை விட்டு விலகணும். இவர்களுக்கோ நான்கு மைலுக்குச் சற்று அதிகமாகப் போனதும் தண்ணீரைத் தொட்டது. நிரூபணம் ஆச்சு!

ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டேன். வளைவு மைலின் வர்க்கத்துக்கு 8 அங்குலம், நான்கு மைலுக்கு 128 அங்குலம். வெளியே வளைவதை உள்ளே வளைவதாகக் காட்ட, கோடு அதைப்போல இரு மடங்கு தவற வேண்டும். நான்கு மைலையும் சட்டம் வைத்தே கடந்தார்கள் என்று வைத்துக்கொண்டால் சுமார் 1,760 பொருத்தல். ஒவ்வொரு பொருத்தலிலும் சட்டத்தின் நுனி வெறும் 4 மைக்ரான் கீழே சாய்ந்தால் போதும், இவர்களுக்குக் கிடைத்த விடை வந்துவிடும். தலைமுடித் தடிமனில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. பிழை ஒரே பக்கமாகச் சேர்ந்தால் என்ன ஆகும் என்பது எங்கள் தொழிலில் புதிதாகச் சேரும் பையனுக்கும் தெரியும். தொடங்கிய புள்ளிக்கே திரும்ப அளந்து வந்து, பொருந்துகிறதா என்று பார்க்காத அளவை அளவையே இல்லை. ஆனாலும் மாதக்கணக்கில் மணலில் குனிந்து நின்றவர்களைப் பார்த்துச் சிரிப்பு வரவில்லை.

பிப்ரவரி 16

ஊரை உடைத்தது இந்தக் கோட்பாடு இல்லை என்றுதான் தோன்றுகிறது. கடற்கரைக்கு மரச்சட்டம் தூக்கிவந்து யார் சரிபார்க்கப் போகிறார்கள்? டீட் வாக்களித்த சாகாவரம் அப்படியில்லை. டீட் 1908 டிசம்பர் 22 அன்று இறந்தார். எழுந்து வருவார் என்று சீடர்கள் உடலை வைத்துக் காத்திருந்தார்கள். சில நாளில் உடலின் நிலையைப் பார்த்த மாவட்ட அதிகாரிகள் அடக்கம் செய்யச் சொல்லிவிட்டார்கள். எஸ்டெரோ தீவின் கரையில் கட்டிய கல்லறையையும் 1921 புயல் அடித்துப் போனது.

அப்புறம், பிரம்மச்சரியம். உள்வட்டத்தில் சேர்ந்தால் குடும்ப வாழ்க்கை கிடையாது. அடுத்த தலைமுறை வெளியிலிருந்துதான் வர வேண்டும். வரவழைக்கும் வாய் போய்விட்டது.

ஊரின் அன்றாட நிர்வாகம் ஏழு பெண்கள் கையில் இருந்ததைச் சொல்லியாக வேண்டும். அவர்கள் குடியிருந்த வீடு இன்னும் இருக்கிறது. புளோரிடாவில் பெரும்பாலான பெண்களுக்கு 1920 வரை ஓட்டுரிமையே இல்லை. எனக்கு உருண்டையைவிட இதுதான் பெரிய விஷயம்.

பிப்ரவரி 22

கடைசியாக வந்தவரும் ஒரு பெண்தான். ஹெட்விக் மிஷெல், நாஜி ஜெர்மனியிலிருந்து தப்பி 1940ல் இங்கே வந்தார். அப்போது பெரும்பாலும் வயதானவர்களே மிச்சம். 1961ல் ஆற்றங்கரை நிலத்தை மாநில அரசுக்கு எழுதிக் கொடுத்தார். 1982 வரை இருந்தார். சுற்றிலும் இப்போது கோல்ஃப் மைதானமும் ஷாப்பிங் மாலும். அவர் கொடுக்காமல் விட்டிருந்தால் மூங்கில் தோப்பு வரைக்கும் பிளாட் போட்டிருப்பார்கள். கல் நடும் வேலை எங்களைப் போன்றவர்களுக்குத்தான் வந்திருக்கும், நல்ல கூலியும் கிடைத்திருக்கும்.