ஸ்வெட்டருக்குள் இருக்கும் உடம்பு: உதகை ஜிம் நாட்குறிப்பு

டிசம்பர் 2
காலை 6 மணி பேட்ச். வெளியே புல்மேல் உறைபனி. உடம்பை நினைத்துக் குமைகிறவன் தொளதொள சட்டையில் ஒளிந்துகொள்வான் என்பார்கள். இந்த ஊரில் அந்த அடையாளம் உதவாது. எல்லோருமே ஸ்வெட்டரும் மப்ளருமாகத்தான் வருகிறார்கள். வார்ம்-அப் முடிந்த பிறகு கவனிக்க வேண்டும். முதுகு நனைந்து காதோரம் வியர்வை வழியும்போதும் ஜிப்பைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொண்டு பெஞ்ச் போடுவான். செட் முடிந்ததும் கண்ணாடியில் தோளை மட்டும் ஓரக்கண்ணால் பார்ப்பான். “கை மெலிஞ்சிருக்கு மாஸ்டர்” என்பான். டேப் வைத்தால் 15 அங்குலம்.

டிசம்பர் 3
இது திமிரும் இல்லை, அழகுப் பைத்தியமும் இல்லை. அமெரிக்க மனநல மருத்துவர் ஹாரிசன் போப்பும் குழுவினரும் 1993-ல் ‘தலைகீழ் அனோரெக்ஸியா’ என்று எழுதியது இதைத்தான்: உடம்பு பெருத்திருந்தாலும் மெலிந்ததாகவே தெரியும் மனநோய். 1997-ல் ‘மசில் டிஸ்மார்ஃபியா’ என்று பெயர் மாற்றினார்கள். சிகிச்சை உண்டு. “நல்லாத்தானே இருக்கே” என்று சொல்வதால் அடங்காது, மறுநாளும் அதையே கேட்டு வருவான். ஒரு நாள் ஜிம் தவறினால் எப்படி இருக்கிறது, கல்யாணச் சாப்பாட்டுக்குப் போகாமல் இருந்தது உண்டா என்று கேளுங்கள். பதிலில் பயம் தெரிந்தால் மனநல மருத்துவரிடம் அனுப்புங்கள்.

டிசம்பர் 8
“ஒரு ஸ்டீராய்டு கோர்ஸ் போட்டா என்ன மாஸ்டர்?”
கேட்பவனை விரட்டாதீர்கள். விரட்டினால் குப்பி விற்பவனிடம்தான் போய் நிற்பான். உள்ளே என்ன நடக்கும் என்று சொல்லுங்கள். வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் வந்ததும், விரைக்கு உத்தரவு அனுப்பும் பிட்யூட்டரி சுரப்பி ஓய்ந்துவிடும். விரை சுருங்கும், விந்தணு குறையும். ஹார்மோனில் ஒரு பங்கு எஸ்ட்ராடியோல் என்ற பெண் ஹார்மோனாக மாறும். முலைக்காம்புக்கு அடியில் ரப்பர் வட்டுபோல் ஒரு கட்டி, அழுத்தினால் வலி. நாளாகி இறுகிவிட்டால் அறுவைதான் வழி. ஸ்டனோசோலால் போன்ற மாத்திரைகள் கல்லீரலைக் கெடுக்கும், நல்ல கொழுப்பான ஹெச்டிஎல்லைச் சரியவைக்கும்.

மலைக்காரர்களுக்கு இன்னொன்றும் இருக்கிறது. உதகை சுமார் 2,240 மீட்டர் உயரம். இந்த உயரத்தில் ரத்தச் சிவப்பணு தானாகவே கொஞ்சம் கூடும். ஊசியும் அதையே கூட்டும். ரத்தத்தில் சிவப்பணுவின் பங்கான ஹீமட்டோகிரிட் 54 சதவீதத்தைத் தாண்டினால், முறைப்படி தரும் டெஸ்டோஸ்டிரோன் சிகிச்சையையே டாக்டர்கள் நிறுத்திவைப்பார்கள். ரத்தம் கெட்டியாகி உறையும் என்ற பயம்தான் காரணம்.

டிசம்பர் 9
ஜிம் பையன்கள் கேட்கும் இன்னொரு ஊசி மெஃபென்டர்மின். ஆபரேஷன் தியேட்டரில் பிரஷர் இறங்கும்போது போடும் மருந்து. தசையை வளர்க்காது, வேகமும் வெறியும் தரும், இதயத்துடிப்பையும் பிரஷரையும் ஏற்றும், பழக்கமாகிவிடும். ஊசியைப் பகிர்ந்தால் ஹெபடைட்டிஸ் பி, சி, எச்ஐவி.

டிசம்பர் 15
ஏற்கெனவே போட்டுக்கொண்டிருப்பவனைத் திட்டிப் பயனில்லை. ரத்தப் பரிசோதனைக்கு அனுப்புங்கள்: ஹீமட்டோகிரிட், லிப்பிட் (ரத்தக் கொழுப்பு), கல்லீரல், எல்ஹெச் (பிட்யூட்டரி விரைக்கு அனுப்பும் ஹார்மோன்), டெஸ்டோஸ்டிரோன், கூடவே பிரஷர், ஈசிஜி. பலர் தவறுவது ஓரிடத்தில். முந்தின நாள் ஸ்குவாட் போட்டுவிட்டுப் போனால், கல்லீரல் பரிசோதனையில் பார்க்கும் எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி என்ற நொதிகள் தசையிலிருந்தே கூடிவிடும். கல்லீரல் கெட்டதாகப் பதறுவார்கள். ஒரு வாரம் கனமான எடை தூக்காமல் போகட்டும், ஜிஜிடி என்ற இன்னொரு கல்லீரல் நொதியையும் பார்க்கச் சொல்லட்டும். அது தசையால் கூடாது. என்ன போட்டான் என்பதை டாக்டரிடம் மறைக்கவே கூடாது. நிறுத்திய பின் சொந்தச் சுரப்பு திரும்ப மாதங்கள் ஆகலாம். சோர்வும் மனத்தளர்ச்சியும் வரும் காலம் அது, பலர் மறுபடி ஊசிக்குப் போவதும் அப்போதுதான். அவனைத் தனியே விடாதீர்கள்.

டிசம்பர் 16
போட்டிக்குப் போகிறவர்களுக்கு: சாம்பிளில் தடைமருந்து இருந்தால், எப்படி வந்தது என்று தெரியாவிட்டாலும் வீரரே பொறுப்பு. கலப்பட பவுடரும் மாட்டிவிடும்.

டிசம்பர் 20
ஊசி இல்லாமல் தசை வளர: 60 கிலோ உடம்புக்கு கிலோவுக்கு 1.6 கிராம் வீதம் ஒரு நாளைக்கு 96 கிராம் புரதம். நான்கு முட்டை 24, அரை லிட்டர் பால் 16, காய்ந்த அவரை 75 கிராம் 18, சமைத்த கோழி 100 கிராம் ஏறக்குறைய 28. மீதியைச் சோறும் சப்பாத்தியும் தரும். கிரியேட்டின் என்ற துணைச் சத்துப் பவுடர் தினம் 3 முதல் 5 கிராம். தடைப் பட்டியலில் இல்லை. முதல் வாரங்களில் ஏறும் ஒரு கிலோ பெரும்பாலும் தண்ணீர்.

அளவை மாதம் ஒரு முறை, காலையில், ஒர்க்-அவுட்டுக்கு முன் எடுங்கள். பயிற்சியில் ரத்தம் பாய்ந்து பம்ப் ஏறிய கையை அளந்தவன் மறுநாள் காலை அளந்துவிட்டு, மெலிந்துவிட்டேன் என்று வந்து நிற்பான்.