கோவிலுக்கு மட்டும் ஓடிய கார்

"கோவிலுக்கும் மார்க்கெட்டுக்கும் மட்டும் ஓடின கார் தம்பி. வேற ஒரு இடமும் கொண்டுபோகேல்லை" என்று மாமா சொன்னபோது அதை நான் நற்சான்றிதழாக எடுத்துக்கொண்டேன். அது வாக்குமூலம் என்று விளங்க ஏழு மாதம் பிடித்தது.

மாமா என்றால் என் மனைவியின் பெரியப்பா. வெள்ளவத்தைக்காரர். கார் 2003ஆம் ஆண்டு ஜப்பான் தயாரிப்பு, வெள்ளை நிறம், பின் சீட்டில் இன்னும் பொலித்தீன் உறை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு கொழும்பில் பழைய கார்களுக்கு வந்த மவுசு உங்களுக்குத் தெரியும். நான் வாங்கியது 2024இல். அந்த நேரத்தில் சொந்தக்காரர் ஒருவர் மனமிரங்கி விலை குறைத்துத் தருகிறார் என்றால் யாராவது எஞ்சினைத் திறந்து பார்ப்பார்களா? கண்ணாடிக்கு முன்னால் ஒட்டியிருந்த பிள்ளையாரைப் பார்த்தேன், காசைக் கொடுத்தேன்.

முதலில் எங்கள் தொடர்மாடியின் கார் தரிப்பிடத்தில் ஒரு கறுப்புப் பொட்டு விழுந்தது. ஒரு மாதத்தில் பொட்டு தோசையளவாகியது. கீழ்வீட்டு அன்ரி காலையில் நடைக்குப் போகும்போது தோசையைப் பார்ப்பார், பிறகு என்னைப் பார்ப்பார். வாய் திறந்து ஒன்றும் சொல்ல மாட்டார். சொல்லியிருந்தால் பரவாயில்லை.

பக்கத்துக் கராஜில் காட்டினேன். பின் ஒயில் சீல் போய்விட்டது, கியர் பொக்ஸை இறக்க வேண்டும் என்றார்கள். இறக்கினார்கள், மாற்றினார்கள், 38,000 ரூபாய். மூன்று கிழமை தரை காய்ந்திருந்தது. நான்காம் கிழமை தோசை திரும்பி வந்தது. இந்தமுறை முன் சீலாம். போதாக்குறைக்கு ஒயில் அளவு பார்க்கிற டிப்ஸ்டிக் கம்பி தானாக மேலே கிளம்பத் தொடங்கியது. காலையில் அழுத்தி விடுவேன். அலுவலகம் போய் பொனட்டைத் திறந்தால், விடை தெரிந்த பிள்ளை கையை உயர்த்திக்கொண்டு நிற்பதுபோல் நிற்கும்.

அப்புறம் புகைப் பரிசோதனைக்கு நாள் நெருங்கியது. அந்தத் தாள் இல்லாமல் லைசென்ஸ் புதுப்பிக்க முடியாது. அலுவலக நண்பர் ஒருவர் தெமட்டகொடயில் இருக்கும் ஒரு பாஸிடம், அதாவது மெக்கானிக்கிடம், என்னை அனுப்பினார்.

பாஸுக்கு எழுபது வயதிருக்கும். அவருக்குத் தமிழ் கொஞ்சம் விளங்கும், கதைக்க வராது. என்னுடைய சிங்களம் மரக்கறிக் கடை வரைக்கும்தான் போகும். சீல் கதையையெல்லாம் நான் கையால் நடித்துக் காட்டி முடிக்கும்வரை பொறுமையாக இருந்தார். பிறகு எஞ்சினை ஓடவிட்டு, ஒயில் ஊற்றும் மூடியைக் கழற்றினார். புட்டுக் குழல் மூடியைத் திறந்ததுபோல் உள்ளிருந்து புஸ் புஸ் என்று ஆவி வந்தது. மூடியின் அடியில் பால்கோப்பி நிறத்தில் ஏதோ கெட்டியாகப் படிந்திருந்தது. அவர் தலையை ஆட்டிவிட்டு மேசைக்குப் போய், மத்தியானச் சோற்றுப் பார்சலில் இருந்த லஞ்ச் ஷீட்டை எடுத்து உதறி, அந்த ஓட்டையின் மேல் விரித்தார். அது இரண்டு துடிப்புத் துடித்துவிட்டு எழும்பிப் பறந்து வந்து என் சட்டையில் ஒட்டியது. பருப்புக் கறி.

"மேகே ஹுஸ்ம ஹிரவெலா மாத்தயா" என்றார்.

ஹுஸ்ம என்றால் மூச்சு. இதற்கு மூச்சடைத்துப் போயிருக்கிறது, ஐயா.

இவ்வளவு சுருக்கமாக எனக்கு யாரும் எஞ்சின் பாடம் எடுத்ததில்லை. பெட்ரோல் எரியும்போது கொஞ்ச வாயு பிஸ்டன் ரிங் இடுக்கால் நழுவி, கீழே ஒயில் இருக்கும் இடத்துக்கு வந்துவிடும். அதோடு நீராவியும் எரியாத பெட்ரோலும் வரும். இதெல்லாம் வெளியே போக வழி வேண்டும். பழைய மொரிஸ் மைனர் காலத்தில் ஒரு குழாயைக் கீழே தொங்கவிட்டு ரோட்டுக்கே ஊதிவிட்டார்கள். 1961இல் கலிபோர்னியா பி.சி.வி. என்கிற காற்றோட்ட வால்வைக் கட்டாயமாக்கியது. அந்த முறையில் ஒரு ஹோஸ் எயார் பில்டர் பக்கமிருந்து நல்ல காற்றை உள்ளே விடும். எஞ்சின் காற்றை இழுக்கிற இழுவையே மற்றப் பக்கத்தால் கெட்ட வாயுவை வால்வு வழியாக உறிஞ்சி எரித்துவிடும். தன் ஏவறையைத் தானே விழுங்குகிற ஏற்பாடு. அதனால்தான் நல்ல எஞ்சினில் லஞ்ச் ஷீட் மெல்ல உள்ளே இழுபட்டு ஒட்டிக்கொள்ள வேண்டும். வழி அடைத்தால் உள்ளே அழுத்தம் ஏறும், எந்தச் சீல் பலவீனமோ அதால் ஒயிலைத் தள்ளும். என் 38,000 ரூபாய் சீலில் ஒரு பிழையும் இருக்கவில்லை. பாவம், அது முட்டுக்கொடுத்துப் பார்த்திருக்கிறது.

அடைத்தது ஏன் என்று கேட்டால், கோவில்தான். எஞ்சின் வடிவாகச் சூடேறி நெடுக ஓடினால் ஒயிலில் சேர்ந்த தண்ணீர் ஆவியாகிப் போய்விடும். மாமாவின் கார் சூடேறும் முன்பே பம்பலப்பிட்டி கதிரேசன் கோவில் வந்துவிடும். அணைத்துவிட்டு உள்ளே போவார். பூசை முடிந்து வரும்போது எஞ்சின் ஆறிப்போயிருக்கும். திரும்ப ஸ்டார்ட், மரக்கறி மார்க்கெட், அணை. இருபது வருடம் இப்படித் தண்ணீரும் பெட்ரோலும் ஒயிலும் சேர்ந்து உள்ளே கூழ் காய்ச்சியிருக்கின்றன. ஒயில் மாற்றினீர்களா என்று தொலைபேசியில் கேட்டேன். "ஓடினால்தானே தம்பி மாத்திறது?" என்றார். தர்க்கத்தில் குறை காண முடியவில்லை.

பாஸ் எஞ்சினின் மேல்மூடியான டப்பட் கவரைச் சுற்றி ஹோஸ்களைக் கழற்றத் தொடங்கினார். ஒன்றைக் கையில் எடுத்தவர் அப்படியே நின்றுவிட்டார். பச்சை நிறம். பூக்கன்றுக்குத் தண்ணீர் விடுகிற பைப். சூட்டில் இளகி, உறிஞ்சலில் இரண்டு பக்கமும் ஒட்டி, நாடா மாதிரிச் சப்பையாகிக் கிடந்தது. கராஜில் இருந்த பொடியன்களைக் கூப்பிட்டுக் காட்டினார். அவர்கள் அதைத் தொலைபேசியில் படமெடுத்தார்கள். திரும்பவும் மாமாவுக்கு அழைப்பு.

"ஓம், அது நான்தான் போட்டது. பழசு வெடிச்சுப் போச்சு. அளவெடுத்து வெட்டினனான். நல்ல பைப் தம்பி, வீட்டிலையும் அதுதான் பாவிக்கிறம்."

கவரைக் கழற்றினோம். கொழும்பில் வளர்ந்தவர்கள் தொதல் சாப்பிட்டிருப்பீர்கள். அதே நிறம், அதே மினுக்கம், கத்தியால் வெட்டி எடுக்கிற அதே பதம். கஜு மட்டும்தான் இல்லை. கவரின் உட்புறத்தில் ஒயில் துளிகளைத் தடுத்து வாயுவை மட்டும் விடுவதற்கு ஒரு தகடு இருக்கும். அதற்குப் பின்னால் முழுவதும் தொதல். வால்வை ஆட்டினால் கடகட என்று சத்தம் வர வேண்டுமாம். எங்களுடையது ஊமை.

இந்த இடத்தில்தான் எனக்குப் புத்தி கெட்டது. கழுவுகிற வேலைதானே, நான் வீட்டில் செய்து கொண்டுவருகிறேன், கூலி மிச்சம் என்று கவரைப் பேப்பரில் சுற்றிக்கொண்டு ஓட்டோவில் ஏறினேன்.

2022இல் சமையல் காஸ் தட்டுப்பாட்டு நேரம் வரிசையில் நின்று வாங்கிய மண்ணெண்ணெயில் மிச்சம் ஒரு கான் சீதனப் பொருள்போலப் பத்திரமாக இருந்தது. பல்கனியில் பேசினை வைத்து, கவரைப் போட்டு, மண்ணெண்ணெயை ஊற்றி ஊறவிட்டேன். எந்தப் பேசின் என்பது பற்றிப் பிறகு மனைவியுடன் நடந்த உரையாடலை இங்கே எழுதப்போவதில்லை. இடியப்ப மா குழைக்கிற பேசின் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

அரை மணி நேரத்தில் கதவு தட்டப்பட்டது. கீழ்வீட்டு அன்ரி. ஏழு மாதத்தில் முதன்முறையாக வாய் திறந்தார்.

"மண்ணெண்ணெய் மணக்குது. திரும்பவும் காஸ் இல்லையாமோ?"

இல்லை அன்ரி, கார் சாமான் கழுவுகிறேன் என்றேன். அவர் நம்பவில்லை. 2022ஐப் பார்த்த ஒருவரிடம் மண்ணெண்ணெய்க்கு வேறு விளக்கம் சொல்லி எடுபடாது. கொஞ்ச நேரத்தில் மூன்றாம் மாடி ஐயா வந்து, "உங்களுக்கு ஆர் சொன்னது?" என்று தணிந்த குரலில் கேட்டார். பல்கனியிலிருந்து பார்த்தால் எங்கள் தொடர்மாடியிலிருந்து இரண்டு பேர் வெற்றுச் சிலிண்டரோடு சந்திப் பக்கம் போகிறார்கள். அதில் ஒருவர் ஓடுகிறார். மனைவி வந்து அவர்களைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், எங்கள் சிலிண்டரைத் தூக்கிப் பாரம் பார்த்தாள்.

"எதுக்கும் நாங்களும் ஒண்டு எடுத்து வைப்பமே?" என்றாள்.

அடுத்த நாள் வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தை. கடைக்காரர் வால்வை என் காதுக்குப் பக்கத்தில் பிடித்துக் குலுக்கினார். கடகட. கொலுசு வாங்கப் போனவன்போலத் தலையாட்டினேன். ஒயில் ஆவி தாங்குகிற ஹோஸை அடிக்கணக்கில் வெட்டித் தந்தார். தண்ணீர் ஹோஸ் உள்ளே ஊதிப் பிய்ந்துபோகும் என்று எச்சரித்தார். பச்சைப் பைப் கதையை நான் சொல்லவில்லை, குடும்ப மானம் இருக்கிறது. எஞ்சினைக் கழுவுகிற திரவம் ஒரு போத்தலும் விற்கப் பார்த்தார். பாஸ் முன்பே தடுத்திருந்ததால் தப்பினேன். இவ்வளவு ஊத்தை இருக்கிற எஞ்சினில் அதை விட்டால் தொதல் கட்டியாகக் கழன்று, ஒயிலை இழுக்கிற வடியை அடைத்துவிடும். பிறகு எஞ்சினுக்கே சங்குதான். பாஸ் எஞ்சினுக்கு அடியில் ஒயில் தேங்குகிற சம்பைக் கழற்றி வடியைக் கையால் துப்புரவாக்கினார். ஆயிரம் கிலோமீற்றரில் ஒருமுறை, பிறகு இன்னொரு ஆயிரத்தில் இன்னொருமுறை ஒயில் மாற்றச் சொன்னார்.

எல்லாவற்றையும் பூட்டி ஸ்டார்ட் பண்ணினோம். லஞ்ச் ஷீட்டைப் பாஸ் விரித்தபோது நான் இரண்டடி பின்னால் நின்றேன். அது மெல்லக் குழிந்து, ஓட்டையோடு ஒட்டிக்கொண்டது. பாஸ் ஒரு பிளேன்ரீ சொன்னார், காசு அவரே கொடுத்தார்.

புகைப் பரிசோதனை சித்தி. தோசை நின்றுவிட்டது, எப்போதாவது ஒரு பொட்டு மட்டும். மாதத்தில் ஒரு ஞாயிறு எஞ்சினைச் சூடேற்றவென்றே நீர்கொழும்புவரை ஓடிவிட்டு வருகிறோம். பெட்ரோல் காசைப் பற்றி மனைவி கேட்டால் வைத்தியச் செலவு என்று சொல்கிறேன்.

போன கிழமை மாமா வந்திருந்தார். எஞ்சின் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, "பாத்தீங்களே, நான் எவ்வளவு வடிவா வச்சிருந்தனான்" என்றார். பொனட்டைத் திறக்கச் சொல்லி எட்டிப் பார்த்தார். முகம் மாறியது.

"அந்தப் பச்சைப் பைப் எங்கை தம்பி? எறிஞ்சுபோட்டீங்களோ? இருந்தால் தாங்கோ, துளசிக்குத் தண்ணி விட ஒரு அரை அடி காணாமல் கிடக்கு."