போர்குண்ட்: தோரிர் கீறிவிட்டுப் போன வாசல்

நார்வேயின் லார்டால் பள்ளத்தாக்கில், போர்குண்ட் என்ற ஊரில் இருக்கும் புனித அந்திரேயா ஆலயத்தை நெருங்கியதும் தார் வாசனை வந்துவிடுகிறது. முழுக்க மரத்தால் ஆன கோவில். மழையும் பனியும் அரிக்காமலிருக்கத் தார் பூசிப் பூசியே கருத்துப் போயிருக்கிறது. இதன் மரங்கள் 1180-81 குளிர்காலத்தில் வெட்டப்பட்டவை என்று ஆண்டு வளையங்களை எண்ணிக் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

மரம் இத்தனை நூற்றாண்டுகள் எப்படித் தாங்கியது? அதற்கு முந்தைய கோவில்களில் தூண்களை மண்ணில் புதைத்தார்கள்; அடி உளுத்துப் போனது. இங்கே கல் அடித்தளத்தின் மேல் உத்தரங்களைக் கிடத்தி, அவற்றின் மேல் தூண்களை நிறுத்தினார்கள். மரம் மண்ணைத் தொடவே இல்லை. சுவர்ப் பலகைகள் செங்குத்தாக நிற்கின்றன. உள்ளே தூண்களுக்கு நடுவே பெருக்கல் குறி வடிவில் மரச்சட்டங்கள். அந்திரேயா அறையுண்டதாகச் சொல்லப்படும் சிலுவையின் வடிவமும் அதுதான். காற்றில் கட்டடம் குலையாமல் பிடித்துக்கொள்வதும் அவைதான். அவரைப் பாதுகாவலராகக் கொண்ட ஆலயத்தில் இதைப் பார்க்கையில் கைகள் தாமாகக் குவிந்தன.

உள்ளே ஒரே இருட்டு. பிற்காலத்தில் வைத்த பெரிய ஜன்னல்களையும் இருக்கைகளையும் 1870-களின் தொடக்கத்தில் நடந்த சீரமைப்பில் எடுத்துவிட்டார்கள். நல்ல காரியம் என்பேன். அந்தக் காலத்தில் மக்கள் நின்றுகொண்டே திருப்பலி கண்டார்கள். நாமும் நின்றுதான் பார்க்க வேண்டும். மேலே தூண் தலைகளில் செதுக்கிய முகங்கள் கண் பழகிய பிறகே தெரிகின்றன.

வெளியே அடுக்கடுக்கான கூரை முகடுகளில் சிலுவைகளும் இருக்கின்றன, வாய் பிளந்த டிராகன் தலைகளும் இருக்கின்றன. புதிய விசுவாசம் வந்த கையோடு பழைய அச்சங்கள் போய்விடுவதில்லை. மேற்கு வாசலில் அது எழுத்திலேயே இருக்கிறது. நார்வேயின் பாதுகாவலரான புனித ஓலாவ் திருநாளுக்கு முந்தைய மாலை இவ்வழியே போன தோரிர் என்ற பயணி, வடநாட்டாரின் பழைய ரூன் எழுத்தில் தன் மனக்குறையைக் கீறியிருக்கிறான்: விதியை நெய்யும் நார்ன் தேவதைகள் நல்லதும் செய்தார்கள், கெட்டதும் செய்தார்கள், என்னைப் பெரும்பாடு பட வைத்தார்கள். இன்னொரு கீறல் "ஆவே மரியா" என்கிறது.

கிறிஸ்தவக் கோவில் வாசலில் நார்ன்களைக் குறை சொன்னவனை எனக்குப் பிடித்துவிட்டது. மலைப்பாதையில் நடந்து களைத்தவன் இலக்கணமாகவா செபிப்பான்? விவிலியத்தில் யோபுவும் கடவுளிடம் அப்படித்தானே வழக்காடினார்! அங்கே நின்று அவனுக்காகவும் ஓர் "அருள்நிறைந்த மரியே" செபம் சொன்னேன்.

கோடைக் காலத்தில்தான் திறக்கிறார்கள். உள்ளே போக டிக்கெட் உண்டு. பக்கத்தில் தனியாக நிற்கும் மணிக்கூண்டும் இடைக்காலத்தது, அதையும் விட்டுவிடாதீர்கள். வழிபாட்டில் கலந்துகொள்ள விரும்புவோர் 1868-இல் அருகிலேயே கட்டிய லுத்தரன் ஆலயத்தில் விசாரிக்கலாம்.