பார்க்க வந்த ஆள்

குளச்சலுக்கும் முட்டத்துக்கும் இடையில், கடற்கரையை ஒட்டிய ஒரு சமூகப்பணி அலுவலகத்தில் மனு எழுதுவதுதான் என் வேலை. வளைகுடாவுக்கு மீன்பிடிக்கப் போன ஆள் அங்கே பிடிபட்டால், வீட்டுக்காரர்கள் முதலில் பங்குத்தந்தையிடம் போவார்கள். அவர் எங்களிடம் அனுப்புவார். எல்லை தாண்டியதாக வழக்கு, அர்பாப் (அங்கே வேலைக்கு எடுத்த முதலாளி) கூலி தராத வழக்கு, பாஸ்போர்ட்டைப் பிடித்து வைத்துக்கொண்ட வழக்கு என்று பலவிதம். எல்லாம் எங்கள் மேஜையில் ஒரே மாதிரிதான் தொடங்கும்: பிளாஸ்டிக் கவருக்குள் ஒரு பாஸ்போர்ட் ஜெராக்ஸ், செல்போனில் ஒரு குரல் பதிவு.

ஒரு அம்மா வந்திருந்தார். மகனை ஒரு வளைகுடா நாட்டில் பிடித்து இருபது நாள் ஆகியிருந்தது. படகின் நம்பர் தெரியாது, எந்த ஜெயில் என்று தெரியாது, அர்பாப்பின் பெயரும் பாதிதான் தெரியும். "சாரே, அங்க யாரு நம்ம ஆளோ, அவருக்கே எழுதுங்க" என்றார். வழக்கம்போல மாவட்ட ஆட்சியருக்கு ஒன்று, மீன்வளத்துறைக்கு ஒன்று, வெளியுறவு அமைச்சகத்துக்கு ஒன்று, அந்த நாட்டுத் தூதரகத்துக்கு ஒன்று என நான்கு பிரதி எடுத்தேன். வெளிநாட்டில் சிக்கியவர்கள் குறை சொல்வதற்கென வெளியுறவு அமைச்சகம் 2015-இல் கொண்டுவந்த மதத் இணையதளத்திலும் பதிவு செய்தேன். ஆனாலும் அவர் கேட்ட அந்த 'நம்ம ஆள்' இந்த ஐந்து இடத்தில் எங்கே இருக்கிறார் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

தூதரகத்தைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. இரவு பதினொரு மணிக்குப் போனை எடுத்துப் பதில் சொன்ன அதிகாரிகளை எனக்குத் தெரியும். கொரோனா காலத்தில் ஈரானில் சிக்கியவர்களை ஏற்றிக்கொண்டு கடற்படைக் கப்பல் ஐ.என்.எஸ். ஜலாஷ்வா 2020 ஜூலை 1 அன்று தூத்துக்குடிக்கு வந்தபோது, எங்கள் கரையின் எத்தனையோ வீடுகளில் அன்றுதான் அடுப்பெரிந்தது. ஆனால் தூதர் என்பவருக்கு எண்ணெய், வாணிபம், அமைச்சர் வருகை என்று ஆயிரம் வேலை. தான் இருக்கும் நாட்டின் முகம் கோணாமல் நடந்துகொள்வதும் அந்த வேலையில் அடக்கம். ஜெயிலில் அடி விழுகிறது, மருந்து தரவில்லை என்று அந்த நாட்டு அரசிடமே போய்ச் சொல்வது அவருக்கு எப்போதும் சங்கடம்தான்.

அந்தச் சங்கடத்தையே தன் முழு வேலையாக ஏற்றுக்கொள்ளும் பதவி ஒன்று உலகத்தில் உண்டு என்பது நாகர்கோவிலில் நடந்த ஒரு பயிற்சியில்தான் எனக்குத் தெரியவந்தது. வட கொரியாவின் மனித உரிமைகளுக்கென்றே தனித் தூதர் ஒருவரை நியமிக்க அமெரிக்கா 2004-இல் சட்டம் போட்டது. அடுத்த வருடம் ஜே லெஃப்கோவிட்ஸ் வந்தார், 2009-இல் ராபர்ட் கிங். இந்தக் கிங் 2011 மே மாதம் பியோங்யாங் போனார். உணவுப் பஞ்சத்தின் நிலையைப் பார்ப்பதற்கான பயணம் அது. திரும்பும்போது, அங்கே மாதக்கணக்கில் அடைபட்டிருந்த ஓர் அமெரிக்கரையும் கூட்டிக்கொண்டு வந்தார். 2013 ஆகஸ்டில் இன்னொருவருக்காகப் புறப்பட இருந்த நேரத்தில், கொடுத்த அழைப்பை வட கொரியா திரும்பப் பெற்றுக்கொண்டது. ஒரு முறை கதவு திறந்தது, ஒரு முறை மூடிக்கொண்டது. ஆனால் இரண்டு முறையும் கதவைத் தட்டுவதற்கென்று ஓர் ஆள் இருந்தார்.

2017 தொடக்கத்தில் கிங் விலகினார். அடுத்து ஜூலி டர்னர் பொறுப்பேற்றது 2023-இல். இடைப்பட்ட ஆறு வருடத்துக்கும் மேலாக அந்த நாற்காலி காலி. சட்டம் இருந்தது, பதவியும் ஏட்டில் இருந்தது, ஆள் மட்டும் இல்லை. அதைக் கேட்டபோது எனக்கு நெஞ்சு கனத்தது. அங்கேயும் மகனைத் தேடும் அம்மா இருப்பாள் அல்லவா? அந்த ஆறு வருடம் அவள் யார் பெயருக்கு எழுதினாள்?

ஐ.நா.வும் 2004-இல் இருந்து வட கொரியாவுக்கெனச் சிறப்பு அறிக்கையாளர் ஒருவரை வைத்திருக்கிறது. விட்டிட் முந்தார்போன், மார்சுகி தாருஸ்மான், தோமாஸ் ஓஹேயா கின்டானா, எலிசபெத் சல்மோன் என நான்கு பேர் வந்தும் ஒருவரைக்கூட அந்த நாடு உள்ளே விடவில்லை. தப்பி வந்தவர்களிடம் கேட்டுக் கேட்டுத்தான் எழுதுகிறார்கள். இதைப் பயனில்லாத வேலை என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நானும் வளைகுடாச் சிறைகளைப் பார்த்தவன் இல்லை. திரும்பி வந்தவர்களை உட்காரவைத்து, ஒரு டீ கொடுத்து, கேட்டு எழுதிய நோட்டுகள்தான் என் அலமாரியில் இருக்கின்றன. அடுத்து ஒருவர் பிடிபட்டால், எந்த ஊர் ஜெயில், அங்கே என்ன நடக்கும், யாரிடம் பேச வேண்டும் என்பதை அந்த நோட்டைப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

வளைகுடாவில் உழைக்கும் நம் ஆட்களின் உரிமைக்கென்றே டெல்லியில் இருந்து ஒரு தனித் தூதர் வேண்டும் என்று மூன்று வருடமாக ஒவ்வொரு மனுவின் கடைசிப் பத்தியிலும் எழுதி வருகிறேன். கைதானவர் கேட்டால் அவர் நாட்டுத் தூதரகத்துக்குத் தாமதமின்றிச் சொல்ல வேண்டும், அதிகாரிகள் போய்ப் பார்க்கவும் விட வேண்டும் என்று 1963 வியன்னா ஒப்பந்தத்தின் 36-வது பிரிவு சொல்கிறது. அப்படிக் கேட்கலாம் என்பதே எங்கள் கடற்கரையில் பலருக்குத் தெரியாது. தெரிந்து கேட்டாலும், சொன்னார்களா, பார்க்க விட்டார்களா என்று நாடு நாடாகப் போய்க் கணக்குக் கேட்க ஓர் ஆள் வேண்டும்.

அந்த அம்மாவின் மகன் நாலரை மாதத்தில் வந்துவிட்டான். அலுவலகத்துக்கு வந்தவனிடம் எல்லாம் கேட்டேன். அடி, பட்டினி பற்றி அதிகம் பேசவில்லை. ஒரு நாளைப் பற்றி மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னான். "ஒருநாள் எம்பசிலேருந்து ஒரு சார் வந்தாரு. எங்க அஞ்சு பேரையும் வரிசையா நிக்கவச்சு, பேரு கேட்டு ஒரு பேப்பர்ல எழுதினாரு. பிரஷர் மாத்திரை தரல்லேன்னு படகு ஓட்டுற நாகுதா சொன்னாரு, அதையும் எழுதினாரு. மறுநாள் மாத்திரை வந்துட்டு சாரே."

அன்று சாயங்காலமே எங்கள் விவரப் படிவத்தைத் திருத்தினேன். பாஸ்போர்ட் எண், படகின் பெயர், அர்பாப்பின் பெயருக்குக் கீழே இப்போது இன்னொரு வரி இருக்கிறது: பார்க்க வந்தது யார், என்றைக்கு. போன மாதம் வந்த ஏழு படிவத்தில் ஐந்தில் அந்த வரி காலியாக இருந்தது. காலியாக இருப்பதைச் சிவப்பு மையால் சுழித்துத்தான் டெல்லிக்கு அனுப்புகிறேன்.