அம்மாவின் குக்கர் ரப்பர்

கொடைக்கானல் மலையில் உள்ள பூம்பாறையில் எங்கள் வீடு சரிவில் இருக்கிறது. ரோட்டிலிருந்து வாசலுக்கு 22 படி. போன ஐப்பசி வரை பூண்டுக் கூடையோடு அதில் ஏறி இறங்கியவள் என் அம்மா. வயது 73. பொங்கலுக்கு நான் போனபோது, அடுப்படிப் பலகையிலிருந்து எழ ஒரு கையைத் தரையிலும் ஒரு கையைச் சுவரிலும் ஊன்றினாள். எழுந்த பிறகும் சுவரை விடவில்லை. வளையல் முழங்கை வரை சரிந்து கிடந்தது.

"வயசாச்சுல்லத்தா" என்றாள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

இரண்டு நாள் அவள் சாப்பிடுவதைப் பார்த்தேன். பகீரென்றது. காலையில் வரக்காப்பியும் இரண்டு ரஸ்க்கும். மதியம் ரசம் சோறு, கேரட் பொரியல். ராத்திரி கஞ்சி, ஊறுகாய். கடைவாய்ப் பல் போனதிலிருந்து கறி கிடையாது. சரி, பருப்பு, பீன்ஸ்? "வேகவே மாட்டேங்குது" என்றாள். குக்கரைத் திறந்து பார்த்தால், ரப்பர் வெடித்துப் போயிருந்தது. அப்பா இருந்தவரை அவர்தான் வாங்கிப் போடுவார். ஏறக்குறைய 1,900 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 100 டிகிரிக்கு முன்பே கொதித்துவிடும். திறந்த சட்டியில் காய்ந்த பீன்ஸ் லேசில் வேகாது, நெடுநேரம் நடுவில் கல்லாகவே நிற்கும். எங்கள் தோட்டத்துப் பட்டர் பீன்ஸ் மூட்டை மூட்டையாக ஒட்டன்சத்திரம் சந்தைக்குப் போய்க்கொண்டிருந்தது, அம்மா தட்டில் ஒன்றுகூட இல்லை.

வயதானால் சாப்பாட்டைக் குறைக்கணும் என்று நம் வீடுகளில் சொல்கிறோமே, அது எனக்கு இப்போது கோபத்தையே தருகிறது. வயதாக ஆக, சாப்பிடும் புரதத்தைத் தசை முன்போல் எடுத்துக்கொள்வதில்லை. அதனால் அவர்களுக்குத்தான் கூடுதலாக வேண்டும். எடையில் ஒரு கிலோவுக்கு, நாளுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை. அம்மா 44 கிலோ. 44 கிராமாவது வேண்டிய இடத்தில், நான் கணக்குப் போட்டவரை 20 கிராம்கூடத் தேறவில்லை.

கீழே கூட்டிவந்து டாக்டரிடம் காட்டினேன். முதலில் சிறுநீரகத்துக்கு ரத்தப் பரிசோதனை செய்தார். அதில் கோளாறு இருப்பவர்கள் தாமாகப் புரதத்தைக் கூட்டக் கூடாது. அம்மாவுக்கு நன்றாகவே இருந்தது. பிசியோதெரபி செய்யும் பெண், கைகளை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்காரச் சொன்னாள். 12 விநாடி அல்லது அதற்கு மேல் ஆனால் தசை பலம் குறைந்திருக்கலாம் என்பது 2019-ல் ஆசிய நாடுகளுக்காக வகுத்த அளவு. அம்மாவுக்கு 24 ஆனது. ஐந்தாவது முறை தொடை நடுங்கியது.

நான் செய்தது பெரிதாக ஒன்றுமில்லை. புது ரப்பர் வாங்கிப் போட்டேன். ராத்திரி ஊறவைத்த பட்டர் பீன்ஸைக் காலையில் ஆறு விசில் விட்டால் நாக்கிலேயே மசிகிறது. காலையில் ஒரு முட்டை, அதில் மட்டும் 6 கிராம் புரதம். கடலையை இடித்துத் துவையல். சாயங்காலம் ஒரு டம்ளர் பால். மூன்று வேளைக்கும் பிரித்து வைக்கிறோம். அப்புறம் அந்த எழுந்து உட்காரும் பயிற்சி, தினமும் இரண்டு வேளை. வேலை கொடுக்காமல் சோறு மட்டும் போட்டால் தசை ஏறாது என்று அந்தப் பெண் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்.

இது வைகாசி. போன வாரம் 15 விநாடி. பலகையிலிருந்து சுவரைத் தொடாமல் எழுகிறாள். படியில் பாதி தூரம் கூடை இல்லாமல் ஏறுகிறாள், மீதிக்கு என் தோள் வேண்டும். முட்டையை மட்டும் செவ்வாய், வெள்ளியில் தொடுவதில்லை. அந்த இரண்டு நாளும் பீன்ஸில் ஒரு கரண்டி கூடுதலாக வைக்கிறேன்.