குக்கரில் எத்தனை விசில் என்று கேட்காதீர்கள்

துவரம்பருப்புக்கு எத்தனை விசில்? ஒரு சமையல் குறிப்பில் மூன்று என்று இருக்கும், இன்னொன்றில் ஆறு. எழுதியவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை. அவரவர் அடுப்புக்கும் குக்கருக்கும் அது சரியாகத்தான் இருந்திருக்கும். உங்கள் வீட்டு அடுப்புக்குப் பொருந்தாது, அவ்வளவுதான். பருப்பு வேகத் தேவையானவை சூடும் நேரமும். விசில்களின் எண்ணிக்கை இந்த இரண்டையும் அளப்பதில்லை.

மூடியின் நடுவில் உள்ள நீராவிக் குழாயின் துளை 3 மில்லிமீட்டர் விட்டம் என்று வைத்துக்கொள்வோம். அதன் பரப்பு சுமார் 0.07 சதுர சென்டிமீட்டர். வீட்டுக் குக்கர்கள் பெரும்பாலும் சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ அழுத்தத்தில் இயங்குகின்றன. அப்படியானால் அந்தத் துளையை மூடி வைக்க 70 கிராம் எடை போதும். அழுத்தம் அதைத் தாண்டினால் வெயிட் எழும்பி, மிகுதி நீராவியை விட்டுவிட்டு மறுபடி உட்காரும். அந்தச் சத்தம்தான் விசில். அடுப்பு தேவைக்கு மேல் எரிகிறது என்பதே அதன் பொருள்.

அந்த அழுத்தத்தில் தண்ணீர் ஏறக்குறைய 120 டிகிரியில் கொதிக்கும். முதல் விசில் வந்தபோதே உள்ளே அந்தச் சூடு வந்துவிட்டது. அதன் பிறகு தீயை எவ்வளவு கூட்டினாலும் 120 டிகிரி 130 ஆகாது, விசில்தான் அடிக்கடி வரும். பெரிய பர்னரில் முழுத் தீயில் நான்கு நிமிடத்துக்குள் ஐந்து விசில் வந்துவிடலாம். சிம்மில் பத்து நிமிடத்துக்கு ஒன்றுகூட வராமல் இருக்கலாம். பருப்பு நன்றாக வெந்திருப்பது இரண்டாவதில்தான். ஒவ்வொரு விசிலிலும் வெளியேறுவது நீங்கள் காசு கொடுத்துக் கொதிக்க வைத்த தண்ணீர். ஒரு கிராம் தண்ணீரை ஆவியாக்க 2,200 ஜூலுக்கும் மேல் வெப்பம் வேண்டும். அதே ஒரு கிராமை அறைச் சூட்டிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர சுமார் 300 ஜூல் போதும்.

எனவே முறை இது. முழுத் தீயில் வைத்து, மூடியில் வெயிட் போடும் முன் குழாயிலிருந்து நீராவி சீராக வருகிறதா என்று பாருங்கள். உள்ளே இருக்கும் காற்று அதோடு வெளியேறிவிடும். வெயிட்டைப் போட்டு, முதல் விசில் வந்ததும் சிம்மில் வைத்து, கடிகாரத்தைப் பாருங்கள். அரை மணி நேரம் ஊறிய துவரம்பருப்புக்கு 8 முதல் 10 நிமிடம், இரவு முழுக்க ஊறிய கொண்டைக்கடலைக்கு 15 முதல் 20, முழு உருளைக்கிழங்குக்கு 8 முதல் 10. அடுக்குப் பாத்திரத்தில் வைத்தால் இரண்டு மூன்று நிமிடம் கூட்டுங்கள். பிறகு அடுப்பை அணைத்து, அழுத்தம் தானாக இறங்க விடுங்கள். அந்த நேரத்திலும் பருப்பு வெந்துகொண்டிருக்கிறது. ஊட்டியில் இருப்பவர்கள் நேரத்தைக் கொஞ்சம் கூட்ட வேண்டும். அந்த உயரத்தில் காற்றழுத்தம் குறைவு, அதனால் திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 93 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும், குக்கருக்குள்ளும் சூடு 116 டிகிரி அளவில்தான் நிற்கும்.

இத்தனை செய்தும் பருப்பு முத்து முத்தாக நிற்கிறதென்றால் குக்கரைக் குறை சொல்லாதீர்கள், தண்ணீரைப் பாருங்கள். போர்வெல் தண்ணீரில் உள்ள கால்சியமும் மெக்னீசியமும் பருப்பின் செல்களை ஒட்டி வைத்திருக்கும் பெக்டினை இறுக்கிவிடுகின்றன. உப்பு போட்ட தண்ணீரில் ஊற வைத்தால் சோடியம் அந்தக் கால்சியத்தின் இடத்தைப் பிடித்து, தோல் சீக்கிரம் இளகும். "உப்பு போட்டால் பருப்பு வேகாது" என்பதை ஊற வைக்கும் கட்டத்துக்குக் கொண்டுவராதீர்கள். புளி விஷயத்தில் பாட்டிமார்கள் சொன்னது முழுக்கச் சரி. அமிலம் பெக்டினைக் கரையவிடாது, அதனால் பருப்பு குழைந்த பிறகே புளித்தண்ணீர். வெயிலும் ஈரமும் பட்டுப் பல மாதம் கிடந்த பருப்பு எத்தனை நிமிடம் வைத்தாலும் சரியாகக் குழையாது.

விசிலே வராமல் மூடி ஓரத்தில் நீராவி கசிந்தால் கேஸ்கட் தளர்ந்துவிட்டது. பத்து நிமிடம் ஃப்ரீசரில் வைத்தால் அன்றைய சமையலுக்கு அது உட்கார்ந்துகொள்ளலாம். மறுநாள் புதிது வாங்கிவிடுங்கள், அதே கம்பெனி, அதே லிட்டர் அளவு. முழுத் தீயில் வழக்கமான நேரம் தாண்டியும் ஓரத்தில் கசிவும் இல்லை, முதல் விசிலும் இல்லை என்றால் அடுப்பை உடனே அணையுங்கள். குழாய் அடைத்திருக்கும். பருப்பு நுரைத்து மேலேறி துளையில் காய்ந்துவிடும். ஒவ்வொரு முறையும் மூடியை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, துளை வழியே வெளிச்சம் தெரிகிறதா என்று பார்ப்பது ஐந்து நொடி வேலை. அரிசி, பருப்பு என்றால் தண்ணீரோடு சேர்த்துப் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள். ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் நுரை அடங்கும்.

சேஃப்டி வால்வைப் பலரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். பல குக்கர்களில் அதன் நடுவே இருப்பது குறைந்த சூட்டில் உருகும் உலோகக் கலவை. குழாய் அடைக்காமல், தண்ணீரும் இருக்கும்வரை சூடு 120-ஐ ஒட்டியே நிற்கும். தண்ணீர் வற்றினாலோ குழாய் அடைத்தாலோதான் சூடு அதைத் தாண்டி ஏறி, கலவை உருகி, நீராவி வெளியேறும். ஆகவே வால்வு போனால் முதலில் கேட்க வேண்டியது, தண்ணீர் போதுமான அளவு இருந்ததா, குழாய் அடைக்காமல் இருந்ததா என்பதுதான். வெறும் வால்வை மாற்றிவிட்டு அதே அளவு தண்ணீர் ஊற்றினால் அடுத்த வாரமும் போகும். முதல் பத்து நிமிடத்துக்கு ஒரு டம்ளர், அதன் பிறகு ஒவ்வொரு பத்து நிமிடத்துக்கும் அரை டம்ளர் என்று கூட்டி, குக்கரின் அடியில் ஊற்றுங்கள்; அடுக்குப் பாத்திரத்துக்குள் இருக்கும் தண்ணீரை இதில் சேர்க்காதீர்கள். உருகிய இடத்தில் ஆணியோ திருகோ அடைத்து ஓட்டுவது உயிரோடு விளையாடுவது.

அடுப்பை அணைத்து நெடுநேரம் கழித்து மூடி திறக்கவில்லையா? உள்ளே நீராவி குளிர்ந்து தண்ணீராகி, அழுத்தம் வெளியே இருப்பதைவிடக் குறைந்திருக்கும். வெயிட்டை மெல்லத் தூக்குங்கள், காற்று உள்ளே போனதும் மூடி இளகிவிடும். ஆனால் தூக்கும்போது நீராவி சீறினால் இன்னும் அழுத்தம் இருக்கிறது, அப்படியே விட்டுவிடுங்கள்.