ஹிட்ச் போல்ட்டுகளும் உப்புத் துருவும்

குளிர்காலம் முழுவதும் சாலையில் உப்புத் தூவப்படும் நாட்டில் குடியேறியவர்களுக்கு, பழைய காரின் அடியில் டிரெய்லர் ஹிட்ச், அதாவது பின்னால் இழுவண்டியை மாட்டும் இணைப்பு, பொருத்துவது செய்முறைத் தாளில் இருப்பதுபோல் எளிதாக அமைவதில்லை. பல கார்களில் இதற்கான நட்டுகள் காரின் அடியிலுள்ள இரும்புச் சட்டத்தின் உட்புறம் தொழிற்சாலையிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். பல ஆண்டுகள் போல்ட் ஏறாத அந்த நட்டுகளின் மரைகளில் (திருகுப் புரிகளில்) உப்புநீரும் மணலும் துருவும் சேர்ந்து கெட்டியாகிவிடுகின்றன.

ஹிட்ச்சைத் தூக்குவதற்கு முன்பே இந்த மரைகளைச் சுத்தம் செய்துவிட வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. துரு தளர்த்தும் எண்ணெயைத் தெளித்து ஓர் இரவு ஊறவிட்டு, குழாய் வடிவக் கம்பித் தூரிகையால் தேய்த்தாலே பெரும்பாலான அழுக்கு உதிர்ந்துவிடும். அதற்கும் மசியாதவற்றுக்கு மரையைத் துப்புரவு செய்வதற்கென்றே உள்ள சேசரைப் பயன்படுத்துவது நல்லது. புதிய மரை வெட்டும் டாப் நல்ல உலோகத்தையும் சேர்த்துச் சீவிவிடக்கூடும். வேலை முடிந்ததும் எண்ணெயைத் துடைத்துவிட வேண்டும். தாளில் தந்துள்ள முறுக்கு அளவு, அதாவது போல்ட்டை எவ்வளவு விசையோடு இறுக்க வேண்டும் என்பது, பெரும்பாலும் உலர்ந்த மரைக்குரியது. எண்ணெய் இருந்தால் உராய்வு குறைந்து, அதே அளவில் போல்ட் அளவுக்கு மீறி இழுபடும்.

போல்ட்டைக் கையாலேயே தொடங்க வேண்டும். முதலில் அதை எதிர்த்திசையில் மெல்லத் திருப்பினால், மரையின் தொடக்கத்தில் அது சற்றே இறங்கி உட்காருவது விரலுக்குத் தெரியும்; அங்கிருந்து முன்னோக்கித் திருப்பினால் கோணலாக ஏறும் வாய்ப்பு மிகக் குறைவு. இரண்டாம் சுற்றிலேயே இறுகினால் கழற்றிப் பார்க்க வேண்டுமே தவிர, அதிர்வோடு வேகமாக முறுக்கும் இம்பாக்ட் ரென்ச்சை எடுக்கக் கூடாது. எல்லாப் போல்ட்டுகளும் தளர்வாக ஏறும்வரை ஹிட்ச்சின் எடையை ஜாக் தாங்கட்டும்.

மில்லிமீட்டரில் பழகி வந்த நமக்கு அங்குல அளவும் இங்கே குறுக்கிடுகிறது. அரையங்குலம் என்பது 12.7 மில்லிமீட்டர், 12 மில்லிமீட்டர் போல்ட் அரையங்குல நட்டில் தளர்வாக ஏறி, சுமை வந்ததும் மரையைப் பிய்த்துவிடக்கூடும். 12 மில்லிமீட்டரிலேயே 1.75, 1.5, 1.25 என்று மரை இடைவெளிகள் வேறுபடுகின்றன. மாற்றுப் போல்ட் வாங்கும்போது அளவோடு வலிமைத் தரத்தையும் பார்க்க வேண்டும்: மில்லிமீட்டர் போல்ட்டின் தலையில் 8.8 அல்லது 10.9 என்ற எண் இருக்கும். அங்குல போல்ட்டில் மூன்று கோடுகள் கிரேடு 5-ஐயும் ஆறு கோடுகள் கிரேடு 8-ஐயும் குறிக்கும்.

பற்றவைப்பு விட்டு நட்டே சுழலத் தொடங்கினால் நிலைமை கடினம். சட்டத்தில் அருகிலேயே திறப்பு இருந்தால், பழைய நட்டை அகற்றிவிட்டு, சுருள்முனைக் கம்பியைத் துளைவழியே செலுத்தித் திறப்பின் வழியே வெளியே எடுத்து, அதன் முனையில் தடித்த தகட்டையும் போல்ட்டையும் கோத்து உள்ளிருந்து இழுத்து, வெளியே நட்டால் இறுக்கலாம். திறப்பு இல்லாதபோது, ஹிட்ச் தயாரித்தவரைக் கேட்காமல் சட்டத்தில் துளையிடக் கூடாது.

இறுதி இறுக்கத்தை, முறுக்கு அளவைக் காட்டும் டார்க் ரென்ச்சால் செய்து, முதல் சுமையை இழுத்துத் திரும்பியதும் ஒவ்வொரு போல்ட்டையும் மீண்டும் சோதிக்க வேண்டும். பின்னால் வருகிற வண்டியில் இருப்பவர்களின் உயிரும் அந்த இறுக்கத்தைச் சார்ந்திருக்கிறது.